மருத்துவர் பதில்கள்: தோலில் ஒட்டும் ஹார்மோன் ரத்தத்துக்குள் எப்படிப் போகிறது?

கேள்வி: எனக்கு வயது 51. மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தேன். இரவில் நாலைந்து முறை உடம்பு தகித்து, வியர்த்து, எழுந்து உட்கார்ந்துவிடுவதைப் பார்த்த மகள், அங்குள்ள மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். வாரம் இருமுறை மாற்றி அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பேட்ச் ஒன்றையும், இரவில் விழுங்க ஒரு மாத்திரையையும் அவர் கொடுத்தார். நான்கு வாரத்தில் நல்ல தூக்கம் வந்துவிட்டது. ஊர் திரும்பிய பிறகு என் நாத்தனார், "நெற்றியில் சுக்குப் பற்றுப் போடுவதுபோலத்தானே இதுவும், மேலே ஒட்டினால் ரத்தத்துக்கு எப்படிப் போகும்?" என்று கேட்கிறார். எனக்கும் விளங்கவில்லை. இங்குள்ள வெயிலில் வியர்வை பட்டு ஓரம் பெயர்ந்துவிடுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கத்தை விடவும் மனம் வரவில்லை. பேட்ச்தான் பலன் தருகிறது என்பதால் அந்த மாத்திரையை நிறுத்திவிடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் அம்மா. அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உங்கள் பேட்ச்சில் இருப்பது ஈஸ்ட்ரோஜென் என்ற ஹார்மோன். கருப்பை உள்ள ஒரு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜெனை மட்டும் தனியே கொடுத்துவந்தால், கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். அது நீண்ட காலம் அப்படியே தொடர்ந்தால் புற்றாக மாறவும் கூடும். அதைத் தடுப்பதற்காகத்தான் புரொஜெஸ்டிரோன் வகை மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இங்குள்ள மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் காட்டி, அது அந்த வகை மருந்துதானா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கருப்பையை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்குத்தான் பொதுவாக இந்த மாத்திரை தேவைப்படுவதில்லை. தூக்கத்தைக் கொடுப்பது பேட்ச் என்றும், கருப்பையைக் காப்பது மாத்திரை என்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் நாத்தனார் கேட்டதற்கு வருகிறேன். அது நல்ல கேள்வி. சுக்குப் பற்று போட்ட இடத்தில் சூட்டையும் எரிச்சலையும் உண்டாக்கி, அந்த இடத்திலேயே வேலை செய்கிறது. பேட்ச்சோ தான் ஒட்டியிருக்கும் இடத்துக்கு எதையும் செய்வதில்லை. தோல் அதற்கு ஒரு வாசல் மட்டுமே. அந்த வாசல் எளிதில் திறப்பதும் இல்லை. நம் தோலின் மேற்பரப்பில் இறந்த செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரைதான். ஆனாலும் மழையில் நனைந்தால் நாம் ஊறிப்போகாமலும், வெயிலில் நின்றால் உடனே வற்றிப்போகாமலும் காப்பது இந்த மெல்லிய அடுக்குதான். இதை உங்கள் வளவின் சுவரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே சுண்ணாம்புச் சாந்து இருப்பதுபோல, இறந்த செல்களுக்கு இடையிலுள்ள இடுக்கை எல்லாம் ஒருவகைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. மருந்து உள்ளே போவதானால் செங்கல்லைத் துளைத்துக்கொண்டு போவதைவிட, வளைந்து வளைந்து அந்தச் சாந்தின் வழியாகவே பெரும்பாலும் போகவேண்டியிருக்கிறது.

அப்படிப் போவதற்கு மருந்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். அது கொழுப்பில் கரைய வேண்டும். அதன் மூலக்கூறு சிறியதாக இருக்கவேண்டும். மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்ட மருந்துகள் தோலைக் கடப்பது மிக அரிது என்பது இத்துறையில் வழங்கும் பொதுவிதி. பேட்ச்சில் இருப்பது எஸ்ட்ராடையால் என்ற வகை ஈஸ்ட்ரோஜென். அதன் மூலக்கூறு எடை 272; அது கொழுப்பில் நன்றாகக் கரையவும் செய்யும். போதாததற்கு, இந்த ஹார்மோன் மிகச் சிறிய அளவிலேயே தன் வேலையைச் செய்துவிடும். வழக்கமான பேட்ச் ஒன்று ஒரு நாளைக்குத் தருவது 50 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமை இருபதாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. இந்த மூன்றும் ஒரே பொருளில் அமைவது அபூர்வம். அதனால்தான் நாம் விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றைப் பேட்ச்சாக்க முடிவதில்லை.

மேலடுக்கைக் கடந்த ஹார்மோன், அதன் கீழுள்ள உயிருள்ள செல்களின் ஊடே இறங்கி, உள்தோலில் பின்னிக்கிடக்கும் நுண்ணிய ரத்த நாளங்களை அடைகிறது. அங்கே ஓடும் ரத்தம், வந்து சேரும் ஹார்மோனை உடனுக்குடன் அள்ளிச் சென்றுவிடுகிறது. ஆகவே பேட்ச்சுக்குள் மருந்தின் அடர்த்தி எப்போதும் மிகுதியாகவும், தோலுக்கு அடியில் எப்போதும் குறைவாகவும் இருக்கிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல, அடர்த்தி மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மருந்து தானாகவே நகர்கிறது. இதற்கு ஊசியோ, மின்விசையோ, அழுத்தமோ தேவையில்லை.

மூன்று நான்கு நாள்களுக்கு அது எப்படி ஒரே சீராகப் போகிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிள்ளையார்பட்டியிலோ இளையாற்றங்குடியிலோ சிவன் சந்நிதியில் லிங்கத்துக்கு மேலே தாராபாத்திரம் கட்டியிருப்பதைக் கண்டால் சற்று நின்று கவனியுங்கள். பாத்திரம் நிறைந்திருக்கும்போது சொட்டு விரைந்து விழும். நீர் குறையக் குறையச் சொட்டும் மெதுவாகும். அந்தப் பாத்திரம் நம் ஊருணி அளவு அகலமாக இருந்தால், நாள் முழுதும் சொட்டினாலும் நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்காது; சொட்டின் வேகமும் மாறாது. பேட்ச் செய்தவர்கள் இந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தொடக்க காலத்தில் வந்த ஈஸ்ட்ரோஜென் பேட்ச் ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருந்தது. ஆனால் மூன்றரை நாளில் அதிலிருந்து உடலுக்குள் போனது 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. மீதி அத்தனையும் மட்டம் இறங்காமல் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. இப்போது வருபவற்றில் இவ்வளவு மிச்சம் இருப்பதில்லை என்றாலும், கழற்றி எறியும் பேட்ச்சிலும் கணிசமான மருந்து எஞ்சித்தான் இருக்கும்.

பேட்ச்சில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில் மருந்து ஒரு சிறு பைக்குள் கூழாக இருக்கும். பைக்கும் தோலுக்கும் நடுவே உள்ள ஒரு சவ்வு, எவ்வளவு வெளியேறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். புதிய வகையில் பசையோடு பசையாக மருந்தைக் கலந்துவிடுவதால், பேட்ச் கண்ணாடித்தாள்போல மெல்லியதாக இருக்கும். இரண்டிலும் வெளிப்புறத் தாள் எதையும் வெளியே விடாது. தோலின் ஈரம் உள்ளேயே தங்கி மேலடுக்கு சற்று ஊறுவதால், மருந்துக்கு வழி இன்னும் இளகிக் கொடுக்கிறது.

மாத்திரையாகவே கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விழுங்கிய மருந்து குடலில் உறிஞ்சப்பட்டதும், உடலெங்கும் பரவுவதற்கு முன்னால் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே எஸ்ட்ராடையாலின் பெரும்பங்கு, வலுக்குறைந்த எஸ்ட்ரோன் என்ற வேறொரு ஹார்மோனாக மாற்றப்பட்டுவிடுகிறது. அதனால்தான் 50 மைக்ரோகிராம் பேட்ச் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் மாத்திரை, அதாவது இருபது மடங்கு, தேவைப்படுகிறது. அவ்வளவு ஈஸ்ட்ரோஜெனும் ஒரே மூச்சில் கல்லீரலைத் தாக்கும்போது, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கிறது. தோல் வழியே போகும் ஹார்மோனுக்கு இந்தச் சுற்றுவழி இல்லை. சூலகம் நேராக ரத்தத்தில் சுரந்துவந்ததைப் போலவே இதுவும் நேராகக் கலக்கிறது. கால் நாளங்களில் ரத்தம் உறையும் ஆபத்து, மாத்திரை எடுப்பவர்களிடம் கூடுவதுபோலப் பேட்ச் ஒட்டுபவர்களிடம் கூடுவதாகத் தெரியவில்லை என்று, பெண்களைத் தொடர்ந்து கவனித்துச் செய்யப்பட்ட ஆய்வுகள் சொல்கின்றன. உடல் பருமனும் ரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பேட்ச்சை விரும்பித் தேர்வதற்கு இது ஒரு காரணம்.

ரத்தத்தில் கலந்த எஸ்ட்ராடையாலில் பாதி ஓரிரு மணி நேரத்திலேயே கழிந்துவிடும். ஆகவே வரத்து நின்றால் இருப்பும் விரைவில் வற்றும். பேட்ச்சைக் கழற்றிய ஒரு நாளுக்குள் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஒருமுறை மாற்ற மறந்துபோனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ இரவில் தகிப்பு திரும்ப வருவது இதனால்தான். ஓரம் பெயர்வதையும் நீங்கள் அலட்சியமாக விடக்கூடாது. எவ்வளவு பரப்பு தோலைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு மருந்துதான் உள்ளே போகும். பாதி பெயர்ந்த பேட்ச் பாதி மருந்தையே தருகிறது.

ஒட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றிலோ பிட்டத்தின் மேற்பகுதியிலோ ஒட்டலாம். மார்பில் ஒருபோதும் ஒட்டக்கூடாது. உள்பாவாடை நாடா இறுகும் இடுப்புக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். நம் பெண்களுக்குப் பேட்ச் பெயர்வதற்கு வியர்வையைவிட அந்த நாடாவே பெரிய காரணமாக இருப்பதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். இடம் உலர்ந்து, குளிர்ந்து, பவுடரோ களிம்போ இல்லாமல் இருக்கவேண்டும். பாதுகாப்புத் தாளின் ஒரு பாதியை உரித்து ஒட்டி, மறுபாதியையும் உரித்தபின், உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு விரல்நுனியால் ஓரத்தைச் சுற்றி நீவிவிடுங்கள். கையின் வெதுவெதுப்பில் பசை இளகித் தோலின் ரேகைகளுக்குள் இறங்குவதை விரலே உணரும். அடுத்த முறை அதே இடத்தில் ஒட்டாமல் வலம் இடமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் இடத்துக்கு ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும். பேட்ச் முழுதாக விழுந்துவிட்டால் அதையே திரும்ப ஒட்டிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் புதியதை ஒட்டி, மாற்றும் கிழமையை மட்டும் பழையபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் குளியலை நீங்கள் விடவேண்டியதில்லை. வாரம் இருமுறை மாற்றும் பேட்ச்சுக்குச் செவ்வாயும் வெள்ளியும் மிகப் பொருத்தமான கிழமைகள். மூன்று நாள், நான்கு நாள் என்று இடைவெளியும் சரியாக அமைகிறது. காலையில் பழைய பேட்ச்சைக் கழற்றுங்கள். அதன் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தங்கியிருக்கும் பசையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தேய்த்தால் வந்துவிடும். புதிதாக ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் எண்ணெய் படாமல் பார்த்துக்கொண்டு, சீயக்காய் தேய்த்துக் குளித்து, ஈரம் துவட்டி, உடம்பின் சூடு அடங்கியபின் புதிய பேட்ச்சை ஒட்டுங்கள். மற்ற நாள்களில் சாதாரணமாகக் குளிப்பதற்குத் தடையே இல்லை. ஆனால் பேட்ச்சின் மேல் வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுக்காதீர்கள்; சூட்டில் தோலின் ரத்த ஓட்டம் பெருகி, மருந்து அளவுக்கு மீறி உள்ளே போகும். பேட்ச்சைக் கத்தரித்துச் சிறிதாக்குவதும் வேண்டாம். பை வைத்த வகையை வெட்டினால் மருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும். மற்ற வகையானாலும் மருத்துவர் சொல்லாமல் வெட்டக்கூடாது.

மார்பகப் புற்று வந்தவர்கள், காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு உள்ளவர்கள், ரத்த உறைவோ மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்கள், கல்லீரல் நோய் முற்றியவர்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை பொதுவாக ஏற்றதன்று. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஹார்மோன் கொடுத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் ஒரு பகுதி, மார்பகப் புற்று, மாரடைப்பு, பக்கவாதம், ரத்த உறைவு ஆகியவை கூடியதால் 2002-இல் இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஹார்மோன் என்றாலே பயம் என்ற நிலை அதன் பிறகுதான் பரவியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும், அவர்கள் விழுங்கியது மாத்திரை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஐம்பதையொட்டிய வயதில், தேவையான காலத்துக்கு, கண்காணிப்போடு எடுப்பவர்களின் நிலை வேறு. ஆனாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவரிடம் மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றே போய்க் காட்டுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் என் மகள் கருத்தடைக்காகப் பேட்ச் ஒட்டிவந்தாள். இப்போது நிறுத்திவிட்டாள், சில மீதம் இருக்கின்றன. எனக்கும் உடம்பு தகிக்கிறது. அதை நான் ஒட்டிக்கொள்ளலாமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: வேண்டாம் அம்மா. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இருக்கும் ஹார்மோன் வேறு. கருத்தடைப் பேட்ச்சில் இருப்பது எத்தினில் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஹார்மோன். அது தோல் வழியே போனாலும் கல்லீரலில் எளிதில் சிதையாமல், சுற்றிச் சுற்றி வந்து அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மேலே சொன்ன ரத்த உறைவுப் பாதுகாப்பு இதற்குப் பொருந்தாது. வழக்கமான கருத்தடை மாத்திரையைவிட இந்தப் பேட்ச்சால் ரத்தத்தில் சேரும் ஈஸ்ட்ரோஜென் சராசரியாக 60 விழுக்காடு அதிகம் என்று அதன் மருந்துக் குறிப்பேட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். இளம்பெண்ணின் கருமுட்டையைத் தடுப்பதற்காக வகுத்த அளவு அது. தகிப்பு உங்களுக்குப் பொறுக்கமுடியாததாக இருந்தால், அதை வயதாகிவிட்டதன் அடையாளம் என்று மறைத்துவைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் உடம்புக்கு ஏற்றதை அவர் தருவார்.

கேள்வி: என் ஆத்தாவுக்கு நெஞ்சுவலிக்காக நைட்ரோகிளிசரின் பேட்ச் கொடுத்து, இரவில் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறார்கள். வேறு பேட்ச்சுகளை நாள்கணக்கில் விட்டுவைக்கும்போது இதை மட்டும் ஏன் கழற்றவேண்டும்? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அந்த மருந்து இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் ரத்த நாளங்கள் அதற்குப் பழகிப்போய், ஓரிரு நாளிலேயே விரிவதை நிறுத்திவிடும். நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மருந்து இல்லாமல் விட்டால், மறுநாள் அது மீண்டும் பலிக்கும். ஈஸ்ட்ரோஜெனிடம் உடல் இப்படி மரத்துப்போவதில்லை. மருத்துவர் சொன்ன நேரத்தில் தவறாமல் கழற்றுங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் அந்தச் சிகிச்சையையே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகும்போது பேட்ச் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சிலவற்றின் வெளித்தாளில் உலோகம் இருப்பதால் அது சூடேறித் தோலைச் சுட்டுவிடும்.

கேள்வி: என் ஐயாவுக்கு நாள்தோறும் நான்தான் இன்சுலின் ஊசி போடுகிறேன். அதையும் பேட்ச்சாகக் கொடுக்க முடியாதா? (கல்லூரி மாணவி, பள்ளத்தூர்)

பதில்: உன் கேள்வியில் இருக்கும் அன்பு புரிகிறது மகளே. இன்சுலினின் மூலக்கூறு எடை சுமார் 5,800. மேலே சொன்ன 500 என்ற வரம்போடு ஒப்பிட்டால் பதில் உனக்கே தெரிந்துவிடும். அது நீரில் கரையும் புரதம் என்பதால் கொழுப்புச் சாந்தில் அதற்கு வழியும் கிடைப்பதில்லை. வலி தெரியாத அளவுக்கு நுண்ணிய ஊசிகளை வரிசையாகப் பதித்த பேட்ச்சுகளை வைத்து, அந்த மேலடுக்கை மட்டும் துளைத்து மருந்தை இறக்கும் ஆராய்ச்சி நடந்துவருகிறது. ஆனால் ஊசியில்லாத சாதாரண இன்சுலின் பேட்ச் எதுவும் இன்று சிகிச்சையில் இல்லை. உடம்பில் ஒட்டிக்கொள்ளும் இன்சுலின் கருவி என்று நீ பார்த்திருக்கக்கூடியது, தோலுக்கடியில் மெல்லிய குழாய் செருகிய ஒரு சிறு பம்ப். சர்க்கரையைக் குறைக்கும் ஒட்டு என்று கைப்பேசியில் வரும் விளம்பரங்களை நம்பி ஐயாவின் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்திவிடாதே.

முதன்முதலில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பேட்ச் ஹார்மோனுக்கானது அன்று என்பதும் உனக்குச் சுவையாக இருக்கலாம். அது 1979-இல், பயணத்தில் வரும் குமட்டலுக்காகக் காதுக்குப் பின்னால் ஒட்டுவதற்கென்று வந்தது. உருகுவே நாட்டில் பிறந்த அலெஹாந்திரோ ஸஃபாரோனி தொடங்கிய நிறுவனத்தில் உருவானது. அதில் இருந்த ஸ்கோபோலமின், நம் வேலியோரத்து ஊமத்தையிலும் இருக்கும் பொருள். அளவு சற்று மீறினாலும் மயக்கமும் பிதற்றலும் உண்டாக்கும் அந்த நஞ்சை, மூன்று நாள்களுக்கு மெல்ல மெல்லச் சொட்டவைத்து மருந்தாக்கினார்கள். ஈஸ்ட்ரோஜென் பேட்ச் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1986-இல்.

கேள்வி: கழற்றி எறிந்த பேட்ச் ஒன்றை என் இரண்டு வயதுப் பேத்தி முற்றத்துத் தரையிலிருந்து எடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் உரித்துவிட்டேன். ஏதாவது ஆகுமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: சிறிது நேரம் ஒட்டியிருந்த ஹார்மோன் பேட்ச்சால் பெரிய தீங்கு நேர்ந்துவிடாது. ஒட்டியிருந்த இடத்தை நீரால் கழுவிவிடுங்கள். அவள் அதை வாயில் வைத்துச் சவைத்திருந்தாலோ, எவ்வளவு நேரம் ஒட்டியிருந்தது என்று தெரியாவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். அடிக்கடி இப்படி நேர்ந்தால் சிறு குழந்தையின் மார்பு வளரத் தொடங்கிவிடக்கூடும். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் ஃபென்டனில் பேட்ச்சாக இருந்தால் கதையே வேறு. பயன்படுத்தி எறிந்த ஒன்றில் எஞ்சியதே ஒரு குழந்தையின் மூச்சை நிறுத்தப் போதும், ஆகவே ஒரு நொடியும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். இனிமேல் பேட்ச்சைக் கழற்றியதும் பசைப்பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து ஒட்டி, அது வந்த உறைக்குள்ளேயே போட்டு, மூடியுள்ள குப்பைக்கூடையில் சேருங்கள். கழிப்பறைக்குள் போடவேண்டாம். புதிய பேட்ச்சுகளைக் குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.